அலமாரிக்குள் கிடந்த பதில்



ஒருவர் பதில் அனுப்பவில்லை என்பதற்காக அவர்மேல் மனத்தாங்கல் கொண்டதுண்டா? எனக்கு உண்டு. சொல்ல வெட்கமாயிருந்தாலும், உங்களுக்குப் பிரயோஜனமாயிருக்கும் என்று எழுதுகிறேன்.

2019-ஆம் ஆண்டு, மார்த்தாண்டத்திலுள்ள எங்கள் குடும்ப வீட்டை விற்பதைக் குறித்து எனக்கும் அமெரிக்காவில் வசிக்கும் என் தங்கைக்கும் வாக்குவாதம் உண்டாயிற்று. மூத்தவன் என்ற எண்ணத்தில் சொல்லத்தகாத வார்த்தைகளைச் சொல்லிவிட்டேன். பின்பு ஓரிரவு, திருவனந்தபுரம் கரமனையிலுள்ள எங்கள் வீட்டில் உறக்கமின்றி எழுந்து, தவறு என்னுடையது என்று அவளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். அவள் வாட்ஸ்அப் பயன்படுத்துவதில்லை.

மூன்று வாரங்கள் கடந்தும் பதில் இல்லை. ஊரிலிருந்து அம்மா, "தங்கச்சி பேசினாளா மக்களே?" என்று கேட்டபோது, "அவள் மனது கல்லாகிவிட்டது" என்றேன். அம்மா ஒன்றும் பேசவில்லை.

டெக்னோபார்க்கில் பணிபுரியும் எங்கள் சபை வாலிபர் ஒருவரிடம் தற்செயலாக இதைச் சொன்னேன். "ஐயா, முன்பு ஐபோன் அல்லவா வைத்திருந்தீர்கள்?" என்றார். ஆம், மகன் தந்த ஐபோன் அது. எழுத்துகள் பெரிதாகத் தெரியட்டும் என்று ஆண்ட்ராய்டு போன் வாங்கி, சிம் கார்டை அதில் மாற்றியிருந்தேன்.

அவர் விளக்கினார். ஓர் ஐபோனிலிருந்து இன்னோர் ஐபோனுக்கு அனுப்பும் செய்தி, 2011-இல் வந்த ஐமெசேஜ் முறையில் இணையத்தின் வழியாகச் செல்லும். அது நீல நிறத்தில் தோன்றும். ஆண்ட்ராய்டுக்கு அனுப்புவது சாதாரணக் குறுஞ்செய்தியாய்ப் பச்சை நிறத்தில் தோன்றும். போனை மாற்றுமுன் ஐமெசேஜை நான் நிறுத்தியிருக்கவேண்டும். நிறுத்தாததால் என் எண் இன்னும் ஐபோன் எண்ணாகவே பதிவில் இருந்தது.

வீட்டுக்கு வந்து, அலமாரியில் கிடந்த பழைய போனுக்கு மின்னேற்றி, வைஃபையில் இணைத்தேன். தங்கையின் செய்திகள் வந்தன. முதலாவது, நான் எழுதிய அதே இரவில் அனுப்பியது: "அண்ணா, நானும் கோபத்தில் பேசிவிட்டேன். எப்போது பேசலாம்?" நான்கு நாட்களுக்குப் பின்: "அண்ணா, இன்னும் கோபமா?" அதன்பின் ஒன்றுமில்லை.

அவளும் அங்கே என் மனம் கல்லென்று நினைத்திருந்தாள்! உடனே அழைத்தேன். இருவரும் வெகுநேரம் அழுதோம். பின்பு அம்மாவை அழைத்து, நான் சொன்னது பொய் என்றேன்.

பிரியமானவர்களே, உங்களில் பலர் பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தவர்கள். உறவுகள் போனில்தான் வாழ்கின்றன. ஐபோனை விட்டு வேறு போனுக்கு மாறுகிறவர்கள், முதலில் அமைப்புகளில் ஐமெசேஜை நிறுத்துங்கள். பழைய போன் கையில் இல்லாவிட்டால், எண்ணைப் பதிவிலிருந்து நீக்க ஆப்பிள் நிறுவனம் 2014 நவம்பரிலேயே தன் இணையதளத்தில் வழி செய்துள்ளது. 2024 செப்டம்பரில் ஐஓஎஸ் 18 வந்தபின், தொலைபேசி நிறுவனம் ஆதரிக்கும் இடங்களில், இவ்விரு வகைப் போன்களுக்கிடையே ஆர்சிஎஸ் என்னும் புதிய முறையிலும் செய்திகள் செல்கின்றன.

ஆனாலும், செய்தி போய்ச் சேர்ந்ததா என்று அறியுமுன்னே பிறர் மனதைத் தீர்ப்புச் செய்யாதிருங்கள். யாருடைய பதிலுக்காகவாவது மனக்கசப்போடு காத்திருக்கிறீர்களா? இன்றே அழைத்து, அவர் குரலைக் கேளுங்கள்.