சித்தப்பா கொண்டுவந்த எண்ணெய்

2011 டிசம்பர் 30. தானே புயல் கடலூர் மாவட்டத்தை அடித்துப் போட்ட நாள். மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. சிதம்பரம் பக்கத்தில் எங்கள் காலனிக்குக் கரண்ட் வந்தது, ஊர்த்தெருவுக்கு வந்து பல நாள் கழித்துத்தான். ஆனால் சித்தப்பாவுக்குத் தினமும் வேலை இருந்தது. ஒரு ஒப்பந்தக்காரர் கூலிக்கு அழைத்துப் போனார். அறுந்த கம்பியைச் சுருட்டுவது, விழுந்த டிரான்ஸ்பார்மரை லாரியில் ஏற்றுவது. கையுறை கிடையாது. ஒரு நாள் சாயங்காலம் டிரான்ஸ்பார்மர் எண்ணெயை பாட்டிலில் கொண்டுவந்தார். மூட்டுவலிக்கு நல்லதாம். ஆயாவின் முழங்காலில் தேய்த்துவிட்டது நான்தான்.

பிறகு எம்.ஏ. சமூகவியல் படித்தேன். இப்போது கருத்தரங்குகளில் ‘சுழற்சிப் பொருளாதாரம்’ என்கிறார்கள். நல்ல விஷயம்தான். பழுதான டிரான்ஸ்பார்மரைக் கழித்துப் போட வேண்டியதில்லை. காயிலைப் புதிதாகச் சுற்றலாம். உள்ளிருக்கும் இரும்புத் தகடுகளை மறுபடி பயன்படுத்தலாம். எண்ணெயை வடிகட்டி, ஈரம் நீக்கி, திரும்ப ஊற்றலாம். புதிதாக மண்ணைத் தோண்டுவது குறையும். தோண்டுவது என்றால் என்னவென்று நெய்வேலி இருக்கும் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம்.

ஆனால் பழைய டிரான்ஸ்பார்மர்கள் சிலவற்றின் எண்ணெயில் பி.சி.பி. என்ற நஞ்சு உண்டு, புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. 2025 டிசம்பர் 31க்குப் பிறகு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒன்றிய அரசு 2016இல் ஆணையிட்டது. சோதிக்காமல் வடிகட்டினால், ஒன்றிலிருக்கும் நஞ்சு அதே எந்திரம் வழியாக அடுத்ததற்கும் போகும். ஆயாவுக்குத் தேய்த்த எண்ணெயில் அது இருந்ததா? யாரும் சோதிக்கவில்லை. தொடாதே என்று சித்தப்பாவிடம் யாரும் சொல்லவும் இல்லை.

பின்னாளில் அவர் கடலூரில் ஒரு பழைய இரும்புக் கடையில் கேபிளைக் கொளுத்திச் செம்பு எடுத்தார். மேலுறை பி.வி.சி.; எரிந்தால் டையாக்சின் வரும். கொளுத்துகிற இடத்தில் எங்கள் தெரு ஆட்கள். தராசுப் பக்கத்தில் வேறு ஆட்கள்.

தோழர்களே, இரும்பும் செம்பும் புதுசாகித் திரும்பி வருகின்றன. அவற்றைக் கழற்றுகிறவர்கள் மட்டும் தலைமுறையாக அதே இடத்தில் நிற்கிறார்கள். எனவே அடுத்த கருத்தரங்கில் எழுந்து கேளுங்கள். எண்ணெயைச் சோதித்தது யார்? கழற்றுகிறவருக்குக் கையுறை, இ.எஸ்.ஐ. உண்டா? காயில் சுற்றும் பயிற்சியும் நிரந்தர வேலையும் யாருக்குப் போகின்றன? கழிவு ஏலத்தில் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கத்துக்கு இடம் உண்டா?

சித்தப்பாவின் மகன் இப்போது ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படிக்கிறான். லாரியில் டிரான்ஸ்பார்மர் ஏற்ற அவனைக் கூப்பிடுவார்கள், தெரியும். அவன் நிற்க வேண்டிய இடம் எண்ணெய் சோதிக்கிற மேசை.