கைமாறும் பெயர்கள்

நிவித்திகலையைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிற் பிறந்தோர்க்குத் "தோட்டம் கைமாறிவிட்டது" என்பது மழைச்செய்தி போலப் பழகிப்போன வாக்கியம். 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் பெருந்தோட்டங்கள் அரசின் வசமாயின. 1992இல் அவற்றுட் பெரும்பாலானவற்றின் நிருவாகம் பிரதேசப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் அக்கம்பனிகளின் பங்குகளும் விலைபோயின. ஒவ்வொரு முறையும் வாயிற்பலகை மாறியது. நம்மவர் தோட்டத்துக்கு இட்டு வழங்கிய தமிழ்ப் பெயர் மாறவில்லை. லயமும் மாறவில்லை.

இவ்வனுபவத்தோடு வளர்ந்த ஒருவன் உலகப் பியர்த் தொழிலில் நிகழும் கம்பனிக் கொள்வனவுகளை நோக்குமிடத்து, இதற்கு நேர்மாறான ஒரு முறைமையைக் காண்கிறான். அங்கே உடைமையாளர் மாறுவர், ஆலையும் மாறலாம், போத்தலில் ஒட்டிய பெயர் மட்டும் நிலைத்திருக்கும். விலை கொடுத்து வாங்கப்படுவதிற் பெரும்பகுதி அந்தப் பெயரேயாகும்.

ஒரு தீபாவளியன்று என் மைத்துனர் இருவர், லயன் பியர் சிறந்ததா, கார்ல்ஸ்பேர்க் சிறந்ததா என நெடுநேரம் வாதிட்டனர். எங்கள் பேச்சு வழக்கில் 'லயன்' என்றால் வரிசை வீடு. ஆதலால் அவ்வாதத்திற் சிரிப்புக்கும் குறைவிருக்கவில்லை. ஆயினும் இரண்டும் பியகமவிலுள்ள ஒரே ஆலையில் வடிக்கப்படுபவை என்பதை இருவரும் அறிந்திருக்கவில்லை. கார்ல்ஸ்பேர்க் அங்கு உரிமம் பெற்று வடிக்கப்படுகிறது. லயன் கம்பனியின் பங்குகளில் நான்கிலொன்று கார்ல்ஸ்பேர்க்கின் மலேசியக் கம்பனியிடம் உள்ளது. நாட்கூலியிற் கணிசமான பங்கைக் கொடுத்து வாங்கிய இரு கலங்களும் ஒரே பணப்பெட்டிக்கே வழிகாட்டின.

லயனின் வரலாறு நமக்கு அந்நியமானதன்று. 1881இல் நுவரெலியாவில், துரைமாரின் மலைநாட்டில், இலங்கைப் பியர்க் கம்பனி உருப்பெற்றது. இன்று லயனை உடைமையாகக் கொண்டிருக்கும் கார்சன் கம்பர்பாட்ச் குழுமமும் தோட்டத் தொழிலில் வேரூன்றி வளர்ந்ததே. மீகொடையில் 'திரீ கொய்ன்ஸ்' பியரை வடித்து வந்த மக்கலம் ஆலையை 2011இல் கார்கில்ஸ் வாங்கி, மில்லர்ஸ் எனப் பெயரிட்டது. மூன்றே ஆண்டுகளில், 2014இல், மில்லர்சின் வணிகப் பெயர்களும் சொத்துக்களும் லயனிடம் சென்றன. மலிவு விலையில் எதிர்நின்ற போட்டியாளன் இவ்வாறு வீட்டுக்குள்ளேயே வந்து சேர்ந்தான்.

உலக அரங்கில் இதே நாடகம் பன்மடங்கு பெரிய அளவில் நடந்தது. பெல்ஜியத்தின் இன்டர்புறூவும் பிரேசிலின் அம்பெவ்வும் 2004இல் இணைந்து இன்பெவ் ஆயின. 2008இல் அந்நிறுவனம் ஏறத்தாழ 5,200 கோடி டொலருக்கு அமெரிக்காவின் அன்ஹைசர் புஷ்ஷை வாங்கியது. அவ்வாண்டு டிசெம்பரிலேயே சுமார் 1,400 வேலைகள் குறைக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. பட்வைசர் என்னும் பெயரிலோ ஓரெழுத்தும் குறையவில்லை. 2016இல் இதே நிறுவனம் 10,000 கோடி டொலருக்கும் மேலான விலையில் எஸ்.ஏ.பி. மில்லரையும் தன்னுள் அடக்கியது. 1895இல் ஜொகன்னஸ்பேர்க்கின் தங்கச் சுரங்கத்தாரை நம்பித் தோன்றிய ஆலையே எஸ்.ஏ.பி. மில்லரின் மூலவேர். உழைப்பவன் தாகத்திற் பிறந்த செல்வம் இறுதியில் எவர் கணக்கிற் சேர்ந்தது என்பதைச் சிந்திப்பது நன்று.

இக்கொள்வனவுகள் அனைத்தும் தீமையே எனக் கூற நான் முற்படவில்லை. புதிய முதலும் புதிய இயந்திரமும் அவற்றால் வருவதுண்டு. சட்டம் கைகட்டி நிற்பதுமில்லை. 2016ஆம் ஆண்டுக் கொள்வனவின்போது, போட்டி அழிந்துவிடலாகாது என்பதற்காகப் பெரோனி, குரோல்ஷ் ஆகிய பெயர்களை ஜப்பானின் அசாஹிக்கு விற்கவேண்டியதாயிற்று. மில்லரின் அமெரிக்கப் பங்கும் மோல்சன் கூர்ஸிடம் சென்றது. அருந்துவோனுக்குத் தெரிவுகள் குறையலாகாது என்பதில் அரசுகள் அத்துணை உறுதி காட்டின.

அவ்வுறுதியில் ஒரு பங்கு உழைப்போனுக்கும் உரியது என்பதே என் வாதம். என் தந்தையார் ஓய்வுபெற்றபோது, அவரது சேவைக்காலக் கணக்கிற் சில ஆண்டுகள் காணாமற்போயிருந்தன. புதிய நிருவாகம் பழையதைச் சுட்டியது, பழையதோ கலைந்துபோயிருந்தது. ஈராண்டு அலைந்த பின்னரே உரிய பணத்திற் பெரும்பகுதி கிடைத்தது. தோட்டம் கைமாறியபோது செடிகளை எண்ணினர், தொழிற்சாலையை மதிப்பிட்டனர், எடை பார்க்கும் தராசையும் பதிவேட்டில் எழுதினர். கொழுந்து சுமந்தவர்களின் ஆண்டுகளை மட்டும் எவரும் முறையாக எழுதி ஒப்படைக்கவில்லை.

ஒரு கம்பனி இன்னொன்றை வாங்கும் செய்தியைப் படிக்கும்போது விலையையும் வணிகப் பெயரையும் நாம் நினைவிற் கொள்கிறோம். வணிகமும் சட்டமும் பயிலும் நண்பர்கள் மூன்றாவதாக ஒரு வினாவையும் எழுப்பவேண்டும்: வாங்குபவர் எப்பொறுப்புக்களை ஏற்கிறார்? பெயருக்குப் பெருவிலை கொடுக்க முடிந்தவர்களுக்கு, அப்பெயரை உழைத்து உயர்த்தியவர்களின் கணக்கை ஏற்பதும் இயலக்கூடியதே. அதைக் கட்டாயமாக்கும் சட்டமே தேவை.