வெயிலில் வைத்த புட்டி

என் அக்கா மகன் ஒரகடத்தில் மோட்டார் உதிரிப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பயிற்சித் தொழிலாளி. திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். ஐந்து பேராக ஒரே அறையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வாசம். சென்ற ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்தான். என் மனைவி அடுக்களைக்குள் போகும்வரை காத்திருந்து, துண்டில் சுற்றிய ஒரு புட்டியைத் திருட்டுச் சாமான் மாதிரி என் மேஜைமேல் வைத்தான்.

"மாமா, அம்மாகிட்டே சொல்லிராதீங்க. நான் குடிக்கல்லே. போர்ச்சுகல் என்ஜினீயர் ஒருத்தர் ஊருக்குப் போறப்போ கொடுத்தார். பரண்மேலே ஒளிச்சு வச்சிருந்தேன். இந்தக் கோடையிலே கெட்டுப் போயிருக்கும், இல்லையா?"

மதுவிலக்கு அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். லேபிளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெடீரா ஒயின், காஸர்ட் கோர்டன் கம்பெனி, 1745. அதில் ஒரு துளிகூட நான் ருசித்ததில்லை. ஆனால் பழைய சென்னையைப் பற்றி ஒரு நாவல் எழுதுவதற்காகப் படித்த நாட்களில் அந்தச் சரக்கை அடிக்கடி சந்தித்திருக்கிறேன்.

மெடீரா, அட்லாண்டிக் கடலில் உள்ள ஒரு போர்ச்சுகீசியத் தீவு. பிரான்ஸிஸ் நியூட்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அங்கே தொடங்கிய வியாபாரத்தில் பிற்பாடு கோர்டனும், 1808இல் காஸர்ட்டும் சேர்ந்தார்கள். நம் நாட்டிலிருந்த வெள்ளைக்காரப் பட்டாளங்களின் மெஸ்ஸுகளுக்கு ஒயின் அனுப்பியே பேர் வாங்கிய கம்பெனி அது. கீழ்த்திசைக்கு வரும் கப்பல்கள் தீவில் நின்று பீப்பாய்களை ஏற்றிக்கொள்ளும். வழியில் கெடாமலிருக்கத் திராட்சைச் சாராயம் கலந்து வீரியமேற்றுவார்கள். மாதக் கணக்கில் கப்பலின் அடித்தட்டில் குலுங்கி, பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்டி வரும். மற்ற ஒயின் என்றால் அந்தச் சூட்டில் காடியாகிப் போகும். இதுவோ ருசி ஏறி நின்றது! விற்காமல் திரும்பிய பீப்பாய்களோ இன்னும் அருமை. 'வட்டமடித்த ஒயின்' என்று போர்ச்சுகீசியர் அதற்குத் தனிப் பெயரே வைத்தார்கள். லண்டனில் 'கிழக்கிந்திய மெடீரா' என்றால் தனி மதிப்பு.

சென்னையில் அப்போது துறைமுகம் ஏது? கப்பல் நடுக்கடலில் நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் நம் கரையோரத்து மனிதர்கள்தான் அலையோடு மல்லாடிச் சரக்கை இறக்கினார்கள். படகு கவிழ்ந்து உயிர் போனதும் உண்டு.

1850களில் பூஞ்சை நோயும் 1872இல் வேர்ப்பூச்சியும் தீவின் திராட்சைக் கொடிகளை அழித்தன. பல வியாபாரிகள் மூட்டை கட்டினார்கள். காஸர்ட் கோர்டன் நிலைத்தது. 1953இல் வேறு கம்பெனிகளோடு ஒரு கூட்டில் சேர்ந்தது. ஆனாலும் லேபிளில் பழைய பெயர்தான். ஒரகடத்தில் மட்டும் என்ன? இங்கிலாந்தில் பிறந்து, அங்கே மூடிப்போன கம்பெனியின் பெயரைத் தாங்கி ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள் அங்கிருந்துதானே புறப்படுகின்றன!

இப்போது கப்பல் யாத்திரை கிடையாது. மலிவான மெடீராவைத் தொட்டியில் ஊற்றிச் சுமார் 45 டிகிரி சூட்டில் மூன்று மாதம் வைக்கிறார்கள். உயர்ந்த ரகம் வெயில் காயும் கூரைக்கடியில், பீப்பாயில் வருஷக் கணக்கில் கிடக்கும்.

"எங்க ரூம் மாதிரியா, மாமா?" என்றான்.

"ஏறக்குறைய. உன் பரணுக்கெல்லாம் இது அஞ்சாது."

பயல் சிரிக்கவில்லை. புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "படகுக்காரங்க பேர் இதிலே ஒண்ணும் இல்லையே?"

"இல்லை."

அவனுக்கு இரண்டு வருஷப் பயிற்சி ஆகஸ்டில் முடிகிறது. அவனுக்கு முந்திய கோஷ்டியில் பலரை, சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். இதை அவன் ஊரில் சொல்லவில்லை. அக்கா பெண் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

"இங்கேயே இருக்கட்டும், மாமா. ஆர்டர் வந்தா எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, மாலை ஷிப்டுக்கு பஸ் பிடிக்க ஓடினான்.

புத்தக அலமாரியில், தடித்த அகராதிக்குப் பின்னால் வைத்தேன். போன வாரம் பார்த்தால் அங்கே இல்லை. பதறித் தேடினேன். அறையிலேயே குளிர்ச்சியான மூலையில், ஜன்னல் வெயில் எட்டாத கீழ்த்தட்டில், அதே துண்டில் சுற்றியபடி இருந்தது. என் மனைவி இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.