சுவரில் தெரிந்த பட்டியல்



மதரஸாவில் ஓதிக் கொடுப்பது என் பணி. கணினியைப் பற்றி எழுதுமளவுக்கு நான் தேர்ந்தவன் அல்லன். எனினும் என் கவனக்குறைவால் ஒரு மாணவனின் மனம் நொந்தது. மற்றொருவர் கையால் அவ்வாறு நிகழக் கூடாது என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஷஃபான் மாதத்தில், எங்கள் மாணவர்களின் குடும்பங்களுள் ஜகாத் பெறத் தகுதியுடையோரின் பட்டியலை என் மடிக்கணினியில் தயாரித்து வந்தேன். பெயர், கடன், வாடகை பாக்கி யாவும் அதில் இருந்தன. ஒரு நாள் தஜ்வீத் வகுப்பில் எழுத்துகளின் மக்ரஜை விளக்கும் படத்தைப் புரொஜெக்டர் வழியாகச் சுவரில் காட்டினேன். பாடம் முடிந்ததும் படத்தை மூடினேன். அதன் பின்னால் அந்தப் பட்டியல் திறந்தே கிடந்தது. நான் பதறி மூடுவதற்குள் சில நொடிகள் கடந்துவிட்டன. மூன்றாம் வரியில் இருந்தது முன்வரிசை மாணவன் ஒருவனுடைய வாப்பாவின் பெயர். மற்றப் பிள்ளைகள் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவனோ தலை குனிந்து கிதாபின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

இரண்டு நாள்கள் அவன் வரவில்லை. வீட்டுக்குச் சென்று வாப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "சின்னப் பிள்ளைதானே ஹஜ்ரத், மறந்துடுவான்" என்றார் அவர். அவன் மீண்டும் வந்தான். ஆனால் இன்றுவரை கடைசி வரிசையில்தான் அமர்கிறான்.

தர்மத்தை மறைவாக ஏழைகளுக்கு வழங்குவது சிறந்தது என அல்பகரா அத்தியாயத்தின் 271ஆம் வசனம் போதிப்பதை எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். அந்த மறைவைக் காக்கும் வழிகள் என் கணினியிலேயே இருந்தன, நான்தான் கற்றுக்கொள்ளவில்லை. விண்டோஸ் 10, 11 ஆகிய இரண்டிலும் உள்ள அவ்வசதிகள் சிலவற்றைக் கூறுகிறேன். தனியாக எதையும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

முதலாவது, புரொஜெக்டரை இணைத்ததும் விண்டோஸ் விசையுடன் 'பி' விசையை அழுத்துங்கள். நான்கு தெரிவுகள் தோன்றும். 'டூப்ளிகேட்' என்பதில் உங்கள் திரை அப்படியே சுவரில் தெரியும். நான் செய்த பிழை இதுவே. 'எக்ஸ்டெண்ட்' என்பதைத் தேர்ந்தால் சுவர் தனித்திரையாகிவிடும். காட்ட வேண்டிய படத்தை மட்டும் சுட்டியால் அங்கே இழுத்து வையுங்கள். விண்டோஸ், ஷிஃப்ட், அம்புக்குறி ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தியும் அதனை நகர்த்தலாம்.

இரண்டாவது, இருக்கையை விட்டு எழுமுன் விண்டோஸ் விசையுடன் 'எல்' விசையை அழுத்துங்கள். திரை உடனே பூட்டிக்கொள்ளும். திறந்திருந்த கோப்புகளுக்கு எதுவும் ஆகாது. கடவுச்சொல் வைத்திருந்தால்தான் இப்பூட்டுக்குப் பொருளுண்டு.

மூன்றாவது, ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தும் அலுவலகமாயின், செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்ஸ்' பகுதிக்குச் சென்று ஒவ்வொருவருக்கும் தனிக்கணக்கு உருவாக்குங்கள். ஒருவரின் கோப்புறைகள் மற்றவர் கண்ணில் எளிதில் படா. நிர்வாகி உரிமையை மட்டும் பொறுப்பாளரிடமே வையுங்கள்.

நான்காவது, பட்டியலிலிருந்து ஒரு வரியை மட்டும் பொருளாளருக்கு அனுப்ப வேண்டுமா? முழுக் கோப்பையும் அனுப்பாதீர்கள். விண்டோஸ், ஷிஃப்ட், 'எஸ்' விசைகளைச் சேர்த்து அழுத்தினால் திரையில் தேவையான பகுதியை மட்டும் படமாக வெட்டி எடுக்கலாம்.

ஐந்தாவது, பாடம் நடக்கையில் வந்து விழும் அறிவிப்புகள். செட்டிங்ஸில் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' பகுதியில் அவற்றை நிறுத்தி வைக்கலாம். பிறர் அனுப்பும் அந்தரங்கச் செய்தி வகுப்பறைச் சுவரில் தோன்றாதிருக்க இதுவே வழி.

இவற்றைக் கற்க எனக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அந்த அரைமணியை ஒரு மாதம் முன்னரே ஒதுக்கியிருந்தால் அந்தப் பிள்ளை இன்றும் முன்வரிசையில் இருந்திருப்பான்.

நம்மை நம்பி ஒப்படைக்கப்படும் பணம் மட்டுமே அமானிதம் அன்று. ஒரு குடும்பத்தின் வறுமையைப் பற்றிய செய்தியும் அமானிதமே. மஸ்ஜித் அலுவலகத்திலும் மதரஸாவிலும் கணினியைக் கையாளும் சகோதரர்கள் இன்றே ஒருமுறை 'பி', 'எல்' விசைகளைப் பழகிப் பாருங்கள். என் பிழையை அல்லாஹ் மன்னிப்பானாக; அந்த மாணவனின் உள்ளத்துக்கு ஆறுதல் அளிப்பானாக. ஆமீன்.