வினைமுற்றின் வால்

ஒரு துண்டுச்சீட்டு என் உறக்கத்தைப் பறித்தது, தோழர்களே!

உறையூரில், எங்கள் தெருமுனைப் படிப்பகத்தில் அன்று மாலை பேசினேன். பொருள்: தன்மதிப்பு. 1929-ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் தொங்கிய சாதிப் பட்டங்களைக் களைந்தெறியத் தீர்மானித்த வரலாற்றை விரித்துரைத்தேன். முழங்கினேன் என்றே சொல்லலாம். கைதட்டல் கூரையைத் தொட்டது. பிறகு கேள்விச் சீட்டுகள் வந்தன. கடவுளைப் பற்றி இரண்டு. இடஒதுக்கீட்டைப் பற்றி ஒன்று. நான்காவது சீட்டில் பெயரில்லை. "நாற்காலி தூக்கி வந்த முதியவரை 'இங்கே வா' என்றீர்கள். பிந்தி வந்த இளைஞரை 'வாருங்கள், வாருங்கள்' என்றீர்கள். காரணம் யாது?"

"பழக்கந்தான்" என்று சொல்லிச் சிரித்தேன். அவையும் சிரித்தது. சீட்டு எழுதியவர் சிரித்தாரா, தெரியாது.

பழக்கம்! இராகுகாலம் ஏன் பார்க்கிறாய் என்று கேட்டால் பழக்கம் என்கிறான். பூனை குறுக்கே போனால் ஏன் நிற்கிறாய் என்றால் பழக்கம் என்கிறான். அந்த விடையைச் சொன்ன எத்தனை பேரை மேடையிலே எள்ளி நகையாடியிருக்கிறேன்! அதே விடை என் வாயிலிருந்து, எவ்வளவு எளிதாக, எவ்வளவு இனிமையாக வந்து விழுந்தது!

தன்னை அறியக் கண்ணை மூடி அமரச் சொல்வார்கள். நான் ஓர் ஏடு வாங்கினேன். நாற்பது பக்க ஏடு. யாரை விளித்தேன், 'வா'வா 'வாங்க'வா, அவர் வயது என்ன, அவர் தொழில் என்ன என்று நான்கு கட்டங்கள் கிழித்துக்கொண்டேன். பேசியவுடன் எழுதிவிட வேண்டும். இரவு வரையில் ஒத்திப்போடக் கூடாது. இந்த விதி என்னுடையதன்று, டார்வினுடையது. தன் கருத்துக்கு மாறான செய்தி எதிர்ப்பட்டால் அக்கணமே குறித்துக்கொள்வதை அவர் நெடுங்காலம் கடைப்பிடித்தார். தமக்குச் சாதகமானவற்றைவிடப் பாதகமானவைதாம் நினைவிலிருந்து விரைந்து நழுவும் என்பதைப் பட்டறிந்து, 1876-இல் எழுதிய தன்வரலாற்றில் அதைப் பதிந்தும் வைத்தார். உயிரினங்களின் தோற்றத்தை ஆய்ந்தவருக்கே அந்த எச்சரிக்கை தேவைப்பட்டதென்றால், என்போன்றவன் எம்மாத்திரம்? முதல் நாள் சோம்பலால் இரவில் எழுதினேன். அன்றைய பக்கத்தைப் பார்த்தால் நான் ஓர் உத்தமன்!

ஏழு நாள் ஓடின. 'நீ' என்று நான் விளித்தவர்கள் 19 பேர். பிள்ளைகள், மாணவர்கள், உடன்படித்த நண்பர்கள் என 10 பேரைக் கழித்தேன். எஞ்சிய ஒன்பதின்மரில் எழுவர் என்னைவிட மூத்தவர்கள். இளநீர் விற்கும் அம்மையார், துணி தேய்ப்பவர், சந்தையில் மூட்டை தூக்குபவர், குப்பை வண்டி தள்ளி வருபவர்... ஒன்பதின்மரும் கையால் உழைப்பவர்கள். எதிர்ப்பக்கத்தில், வங்கி அதிகாரி, வயது இருபத்தைந்து இருக்கலாம், "வாங்க சார், உட்காருங்க சார்!"

நாவை மட்டும் கவனிக்கப் போனவன் கையையும் பிடித்துவிட்டேன். அந்த அதிகாரி தெருவில் எதிர்ப்பட்டபோது, மடித்துக் கட்டியிருந்த வேட்டியை என் கை தானாகவே இறக்கிவிட்டது. குப்பை வண்டிக்காரரிடம் பேசியபோதோ, என் கண் செய்தித்தாளை விட்டு எழவே இல்லை.

நான் கல்லூரியில் தமிழ் கற்பித்துப் பிழைப்பவன். ஒருவரைப் பன்மையால் சுட்டுவது வழக்கில் வந்த உயர்சொல், இலக்கண நெறியில் வந்ததன்று எனத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வகுத்திருப்பதை ஆண்டுதோறும் விளக்குகிறேன். கரும்பலகையில் எழுதியும் போடுகிறேன். அந்த வழக்கு எவரால், எவர்மீது நாள்தோறும் நடத்தப்படுகிறது என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. பெயரின் வாலை நம் முன்னோர் வெட்டினார்கள். அது வினைமுற்றின் வாலில் ஒட்டிக்கொண்டு என் வாய்க்குள்ளேயே குடியிருந்திருக்கிறது.

இவ்வளவும் கண்டுபிடித்த பெருமிதத்தோடு ஏட்டை என் துணைவியாரிடம் காட்டினேன். அவர் பொறுமையாகப் புரட்டினார். முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினார். பிறகு கேட்டார்:

"என் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?"

எந்தப் பக்கத்திலும் இல்லை! காலையில் கண் விழித்ததும் 'காப்பி கொண்டு வா' என்று நான் முதலில் விளிப்பவர் அவர். இரவு கடைசியாக விளிப்பவரும் அவர். பதினாறு ஆண்டுகளாக அவர் எனக்கு 'நீங்கள்'. எனக்கு அவர் 'நீ'. ஊரையெல்லாம் எண்ணியவன் வீட்டை எண்ணவில்லை.

"அது அன்பினால் சொல்வது" என்றேன்.

"இருக்கட்டும். அந்த அன்பு என் வாயிலிருந்து வரக் கூடாதா?"

"வரலாமே!"

அவர் சற்றே தயங்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீ... சாப்பிட வா" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம். அடுத்த அறையில் என் தாயார் இருமினார். அது சளி இருமல் அன்று என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அன்றிரவு 'நீ' என்றார். மறுநாள் மீண்டும் 'நீங்கள்' ஆகிவிட்டது. நான் 'நீங்கள்' என்று தொடங்கினால் "கேலி செய்யாதீர்கள்" என்கிறார். அந்த வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.

குப்பை வண்டிப் பெரியவரிடம் மறுநாளே தொடங்கினேன். ஏட்டளவில் அவர் தூய்மைப் பணியாளர். ஆறு ஆண்டுகளாக என் வாயில் "ஏம்பா". அன்று செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "ஐயா, வாங்க. இதையும் எடுத்துக்கொள்ளுங்க" என்றேன். அவர் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரோ வந்து நிற்கிறார்கள் என்று எண்ணி. யாருமில்லை. முகம் வாடியது. "சாமி, நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. 'தன்மதிப்பு' பற்றி ஒன்றரை மணி நேரம் முழங்கியவனுக்கு, ஒரு சொல் வரவில்லை. ஊர் எது, பிள்ளைகள் எத்தனை என்று ஏதேதோ கேட்டுக் குழறினேன். அவர் பெயரையும் அன்றுதான் கேட்டறிந்தேன்.

மூன்று வாரம் ஆயிற்று. பெரியவர் மெல்ல மெல்ல நிமிர்ந்தார். 'சாமி' தேய்ந்து 'சார்' ஆயிற்று. சென்ற செவ்வாய்க்கிழமை காலை வாளியைக் கவிழ்த்துப் பார்த்தவர், தெருவே கேட்கும்படி சொன்னார்: "என்ன தம்பி, ஈரக் குப்பையையும் உலர்ந்ததையும் தனித்தனியா வைக்கச் சொன்னேனா இல்லையா? எத்தனை தடவை சொல்றது?"

தம்பி! என் தந்தையின் வயதுடையவர். அவர் சொன்னதும் சரி, அழைத்ததும் சரி. எதிர்வீட்டுத் திண்ணையில் இருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் நெஞ்சு சுருக்கென்றது.

உள்ளே போய் ஏட்டை எடுத்தேன். வயது எழுதினேன், தொழில் எழுதினேன். நான்கு கட்டங்களிலும் இதற்கு இடமில்லை. ஓரத்தில் எழுதினேன்: "சுருக்கென்றது. காலை 7 மணி."