உம்மாவின் 5001 ரூபாய்

திருமணமாகிப் பல வருடங்கள் கடந்த தம்பதியினர் தம் திருமண உறுதிமொழியை மீண்டும் சொல்லிப் புதுப்பித்துக்கொள்வது இப்போது பல இடங்களில் விழாவாகவே நடக்கிறது. மண்டபம், கேக், புது மோதிரம், வீடியோ எல்லாம் உண்டு. என் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் 25 வருடம் நிறைவடைந்தபோது, நாமும் அப்படிச் செய்வோம் என்று சாச்சி கதையைத் தொடங்கினார். வாப்பா சிரித்தாரே தவிர மறுக்கவில்லை.

எனக்கோ ஒரு கேள்வி எழுந்தது. எதைத் திரும்பச் சொல்வது?

கிறிஸ்தவத் திருமணத்தில் மணமகனும் மணமகளும் தம் வாயாலேயே உறுதிமொழி சொல்கிறார்கள். அதைத் திரும்பவும் சொல்லலாம். நம் நிக்காஹில் மணமகளின் வலி மணமுடித்துக் கொடுக்கிறார், மணமகன் ஏற்றுக்கொள்கிறார், சாட்சிகள் கேட்டிருக்கிறார்கள். பள்ளிவாசலில் நிக்காஹ் நடந்தபோது உம்மா வீட்டு அறைக்குள் இருந்தார். பதிவேட்டில் உம்மாவின் வாப்பா கையொப்பமிட்டார். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணமகளின் கையொப்பத்தைக் கேட்கவில்லை. ஆனால் உம்மாவுக்கென்று ஒன்று அதில் எழுதப்பட்டிருந்தது. மஹர் ரூபாய் 5001.

சாச்சி திரும்பவும் வற்புறுத்தியபோது உம்மா சொன்னார்: "முறியாத நிக்காஹை எதுக்குத் திரும்பச் செய்யணும்? புதுப்பிக்கணும் என்டா, முதல்ல என்ட மஹரைத் தரச் சொல்லு."

வீடு அமைதியாகிவிட்டது. வாப்பா, "இவ்வளவு காலமும் நீங்க கேட்கவே இல்லையே" என்றார்.

"கடன் வாங்கினவர்தானே ஞாபகம் வைக்கணும்? விட்டுத்தாறது என்டா நான் விட்டுத்தரணும். நீங்க மறக்கிறது விட்டுத்தாறதா?"

உம்மா கோபத்தில் பேசவில்லை. கணக்குப் பாடம் சொல்லித்தரும் குரலில்தான் பேசினார். எங்கள் ஊரில் பெண் வீட்டார்தான் வீடு கட்டிக் கொடுப்பார்கள். நாங்கள் இருப்பதும் அப்படி வந்த வீடுதான். அந்த வீட்டுக்குள் இருந்துகொண்டு, உம்மா தனக்கு எழுதப்பட்டதை மட்டும் கேட்டார்.

அல்குர்ஆன் அந்நிஸா அத்தியாயத்தின் 21ஆம் வசனம் திருமணத்தை உறுதியான உடன்படிக்கை என்கிறது. நபிமார்களிடம் அல்லாஹ் வாங்கிய வாக்குறுதிக்கும் அல்அஹ்ஸாப் அத்தியாயத்தில் அதே சொல்தான் வருகிறது. அந்நிஸாவின் 4ஆம் வசனம் மஹரைப் பெண்களிடமே கொடுக்கச் சொல்கிறது. மனமுவந்து அதில் எதையும் விட்டுக்கொடுக்கும் உரிமையும் அவர்களுக்கே உரியது.

அந்த மாதச் சம்பளத்தன்று வாப்பா ஒரு கடித உறையைக் கொண்டு வந்தார். உள்ளே ஒரு ஐயாயிரம் ரூபாய்த் தாளும் ஒரு ரூபாய்க் குற்றியும் இருந்தன. "அன்டைக்கு இந்தக் காசிட பெறுமதியே வேற" என்றார் தயக்கத்தோடு. இன்று அதற்கு ஒரு கிராம் தங்கமும் வராது.

"எழுதினது இதுதானே. மிச்சத்த நான் பொருந்திட்டன்" என்று உம்மா வாங்கிக்கொண்டார். இருவர் கண்களும் கலங்கியிருந்தன. விழா நடக்கவில்லை. யாரும் அதைப் பிறகு கேட்கவும் இல்லை.

தோழியரே, இன்னும் சில வருடங்களில் நம் பெயர்களும் அந்தப் பதிவேட்டில் எழுதப்படும். நம் மஹர் எவ்வளவு என்று பெரியவர்கள் பேசி முடிக்குமுன் நாமும் வாய் திறந்து பேசுவோம். பெற்றோரே, அன்று எங்களை அறைக்குள் இருத்திவிட்டு "வெட்கப்படுகிறாள்" என்று நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள். கேளுங்கள், நாங்கள் சொல்வோம்.