வாடகைக் கணக்கு

1908இல் புதுவைக்கு வந்தபோது பாரதிக்கு வயது 25. 'இந்தியா' 1910இல் நின்றபின் நிலையான வருவாய் இல்லை. ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு வீட்டின் உரிமையாளர் விளக்கெண்ணெய்ச் செட்டியார் வாடகைக்கு வருவார்; பாட்டைக் கேட்டிருந்துவிட்டுப் பேசாமல் திரும்பிவிடுவார் என்கிறார் வ.ரா. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் பாட்டை மெச்சுவார்கள். எனக்கென்னவோ செட்டியாரின் மாதக் கணக்கில் விழுந்த துண்டுதான் கண்ணில் படும்.

காரணம் உண்டு. 2004இல் முத்தியால்பேட்டையில் ஒற்றையறை வீடொன்றில் முதன்முதலாகக் குடியேறினேன். தொகுப்பூதியம் 4,500 ரூபாய். வாடகை 1,200, முன்பணம் 12,000. வாடகை ஊதியத்துக்குள் அடங்கியது. முன்பணத்துக்கு அம்மாவின் வளையல்கள் அடகுக்குப் போயின. அடகு வட்டி 240 ரூபாய் கணக்கேட்டில் வாடகைக்கு அடுத்த வரியானது. அரிசி, மண்ணெண்ணெய் எல்லாம் அதற்குப் பின்னர்தான். 'புத்தகம்' என்றும் ஒரு வரி இருந்தது. அதன் எதிரே தொகை எழுதியதில்லை.

வீட்டுக்காரர் ஐந்தாம் தேதி விடியலிலேயே கதவைத் தட்டுவார். பாட்டெல்லாம் அவரிடம் செல்லாது. கடுமையான மனிதர் என்றே எண்ணியிருந்தேன். ஒருநாள் பணத்தை எண்ணி வாங்கியவர் நேரே எதிரிலிருந்த மருந்துக் கடைக்குப் போனார். மனைவிக்கு மாத்திரை, கடைக்காரரிடம் பழைய பாக்கி வேறு. அம்மாதத்திலிருந்து நான்காம் தேதி இரவே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன்.